கேப்டனின் பித்து: செஞ்சிப் பாட்டும் ஹாக்வார்ட்ஸ் மைதானமும்

டில்லி பாதுஷாவின் லாயத்தில் ஒரு குதிரை. யாரையும் ஏறவிடாது, ஏறினவனைக் கீழே தள்ளி மிதிக்கும். அதை அடக்கப் போன தகப்பன் தோற்றுச் சிறையில் கிடக்கிறான். மீசை அரும்பாத பிள்ளை செஞ்சியிலிருந்து புறப்பட்டுப் போகிறான். ரங்கநாதரை நினைத்தபடி ஒரே தாவில் அதன் முதுகில் உட்கார்ந்து, அடக்கி, தகப்பனையும் மீட்டு வருகிறான். தேசிங்குராஜன் கதைப்பாடல் தன் நாயகனை நமக்குக் காட்டும் முறை இது. பாடம் பாடத்துக்கு விவரம் மாறும். பையன் குதிரையை அடக்குவது மட்டும் மாறாது.

தாத்தா காலத்துத் திண்ணைகளில் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக வாசிக்கப்பட்டது இந்தக் கதை. தெருக்கூத்தாக விடியவிடிய ஆடப்பட்டது. 1960இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகவும் வந்தது. கதையைக் கேட்டவர்களுக்குத் தேசிங்கு அரசன் என்பதைவிட ஒரு அணியின் தலைவனாகவே மனத்தில் நின்றான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் அவன் வரி வசூலிப்பதில்லை, ஏரி வெட்டுவதில்லை, வழக்குத் தீர்ப்பதில்லை. குதிரை ஏறுகிறான், நண்பனைச் சேர்த்துக்கொள்கிறான், சவாலை ஏற்கிறான், களத்தில் இறங்குகிறான். பள்ளிக்கூடத்து விளையாட்டு கேப்டனிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்கள் எல்லாம் அவனிடம் இருக்கின்றன. அளவு மட்டும் இல்லை.

இதே அச்சில் வார்த்த இன்னொரு பையனை உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்களில் வரும் ஆலிவர் வுட். ஹாக்வார்ட்ஸ் என்ற மாயப் பள்ளியில் க்ரிஃபிண்டார் இல்லத்தின் க்விடிச் கேப்டன். துடைப்பத்தில் பறந்து ஆடும் அந்த ஆட்டம்தான் அவனுக்கு மூச்சு. ஒருவன் 18ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே வாழ்ந்து, பிறகு பாட்டுக்குள் போய் மாயக் குதிரை ஏறியவன். மற்றவன் பிறந்ததே கற்பனையில். இரண்டு பேரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஒரு கேள்வி எழும்: தலைவனின் தீவிரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

முதலில் செஞ்சி. ஔரங்கசீப்பின் படை 1690 முதல் ஏறக்குறைய 8 ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698இல்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே சுல்ஃபிகர் கான். கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அதன்பின், 1700 வாக்கில், புந்தேல ராஜபுத்திரரான ஸ்வரூப் சிங்கிடம் கோட்டைப் பொறுப்பு வந்தது. அவர் 1714இல் இறந்தார். புந்தேல்கண்டிலிருந்து வந்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்த இளைஞர் தேஜ் சிங். தமிழ் நாக்கில் அவர் தேசிங்கு ஆனார்.

ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கும் அவருக்கும் மூண்ட சண்டை, அடிப்படையில் பாக்கித் தகராறு. ஸ்வரூப் சிங் ஆண்டுக்கணக்கில் கட்டாமல் விட்ட தொகை 70 லட்சம் ரூபாய் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்பா காலத்து உரிமை தனக்கும் உண்டு என்றார் மகன். பாக்கியைத் தீர்க்காமல் எந்த உரிமையும் கிடையாது என்றார் நவாபு. டில்லியில் அரியணை ஆட்டம் கண்டிருந்த காலம். யார் கொடுத்த பட்டயம் எதுவரை செல்லும் என்பதே வழக்காக இருந்தது. 1714 அக்டோபர் 3ஆம் தேதி போர் நடந்தது. தேசிங்கு இறந்தார். வயது 22 என்பது மரபு. செஞ்சியை அவர் ஆண்டது சில மாதங்கள்தான்.

பாடல் இந்தக் கணக்குவழக்கைக் கையில் எடுத்து, வரி கேட்டு வந்தவனின் ஆணவமும் இளைஞனின் ரோஷமுமாக மாற்றிவிடுகிறது. 70 லட்சம் எங்கே போனது என்று பாட்டில் யாரும் கேட்பதில்லை. மிகைக்கதை முதலில் அழிப்பது கணக்குப் புத்தகத்தைத்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாக்கிப் பத்திரத்துக்காகச் செத்தவனை ஊர் பாடாது; மானத்துக்காகச் செத்தவனைத்தான் பாடும். ஆனால் கணக்கு அழிந்த இடத்தில் தலைவனின் பிடிவாதத்துக்குக் காரணமே தேவையில்லாமல் போகிறது. பிடிவாதமே குணம், குணமே பெருமை என்றாகிவிடுகிறது.

தேசிங்கின் படையில் இருந்தது சில நூறு குதிரைகள். எதிரே பல ஆயிரம் பேர். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். கோட்டைக்கு வடக்கே சிங்கவரத்தில், பல்லவர் காலத்துக் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரிடம் தேசிங்கு விடைகேட்டதாகவும், போக வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் உள்ளூரில் சொல்வார்கள். சிலையின் முகம் இன்றும் சற்றுத் திரும்பினாற்போலத்தான் இருக்கிறது. குலதெய்வம் தடுத்தும் கேட்காமல் போனவன் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. பெருமையும் ஆதங்கமும் கலந்த நினைவு அது.

8 ஆண்டு முற்றுகையைத் தாங்கிய மலையை விட்டு அவர் ஏன் இறங்கினார்? பாட்டுக்கு இந்தக் கேள்வி தோன்றாது; தோன்றினால் கதை நின்றுவிடும். வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் இணைக்கும் வெளிமதில் சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிறது. சில நூறு பேரை வைத்துக்கொண்டு அதன் ஒரு மூலையைக்கூடக் காவல் காக்க முடியாது. மறுபக்கம், ராஜகிரி உச்சிக்குப் போக ஒரே வழி. அதுவும் பிளவின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டித்தான். பாலத்தை எடுத்துவிட்டால் கைவிரல் எண்ணும் ஆட்கள் போதும், கீழே நிற்கும் பட்டாளம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தானியக் களஞ்சியம் இருந்தது, சுனை இருந்தது. காத்திருப்பது என்பதும் ஒரு வழியாக அவர் முன் இருந்தது. 22 வயதில் அந்த வழி கண்ணில் படுவது கடினம்.

முடிவைப் பற்றியும் இரண்டு பேச்சு. வெள்ளத்தில் குதிரையை இறக்கி அக்கரை சேர்ந்து, நவாபின் யானையை நோக்கி விரட்டிப் போய், குதிரை வெட்டுப்பட்டதும் தரையில் நின்று போரிட்டு, துப்பாக்கிக் குண்டுக்கு விழுந்தார் என்பது வரலாற்று நூல்களின் சித்திரம். பாட்டில் அப்படி இல்லை. நண்பனும் குதிரையும் போனபின் தன் வாளைத் தானே மேலே எறிந்து மார்பில் ஏற்று மாள்கிறான். முகம் தெரியாத ஒரு சிப்பாயின் குண்டுக்கு நாயகன் பலியாகலாமா? கூடாது. அவனை வெல்லத் தகுந்தவன் அவன் ஒருவனே என்று பாட்டுக் கட்டியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

அந்த நண்பன் பெயர் முகமது கான். கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவன்தான். வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம். ஓலை வருகிறது. மணக்கோலத்தில் இருந்தவன் அப்படியே எழுந்து, நீலவேணிக் குதிரையில் ஏறி செஞ்சிக்கு வந்துவிடுகிறான். தேசிங்கின் குதிரைக்குப் பாட்டில் பாராசாரி என்று பெயர். நீலவேணி முகமது கானுடையது. பின்னால் வந்தவர்கள் நீலவேணியையும் தேசிங்கிடமே கொடுத்துவிட்டார்கள். தலைவனிடம் எல்லாப் புகழும் போய்ச் சேர்வதற்கு இது சின்ன உதாரணம். வைணவ ராஜபுத்திரனும் இஸ்லாமிய நண்பனும் உடன்பிறந்தார்போல நிற்கும் இந்தக் கதையை, இந்து முஸ்லிம் ஒற்றுமையின் அடையாளமாக மேடைகளில் சொல்வது வழக்கம். சொல்லட்டும். ஆனால் அந்த ஒற்றுமையில் ஒருவன் அழைத்தான், மற்றவன் மணவறையை விட்டு வந்து செத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணவறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்கப் பாட்டுக்கு நேரமில்லை.

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். செட்டிக்குளக் கரையில் அந்த இடத்தைக் காட்டுவார்கள். அவளுடைய துணிவை மெச்சி நவாபு எழுப்பிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது மரபு. திரைக்குப் பின்னாலிருந்து நீண்ட கையை மட்டும் பார்த்து விடைபெற்றுப் போனான், மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்கிறது பாட்டு. நீலாம்பூண்டியில் முகமது கானுக்கும் குதிரைக்கும் சமாதி இருக்கிறது. இன்று தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஒரு மாவட்டத் தலைநகர், மலையடிவாரத்துச் சின்னக் கிராமம், ஒரு குளக்கரை: விலை கொடுத்தவர்களின் பட்டியலை நிலம் தனியாக எழுதி வைத்திருக்கிறது. பாட்டின் தலைப்பில் ஒரே ஒரு பெயர்தான்.

இனி ஹாக்வார்ட்ஸ். ஆலிவர் வுட்டை ரௌலிங் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். சனிக்கிழமை விடியுமுன் அணியை எழுப்பிவிடுவான். உடைமாற்றும் அறையில் படம் வரைந்து வரைந்து திட்டம் விளக்குவான். ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவன் செய்யும் சொற்பொழிவு அணியில் ஆடும் வீஸ்லி இரட்டையருக்கு மனப்பாடம். ஒரு தோல்விக்குப் பிறகு குளியலறையை விட்டு வெளியே வரவே இல்லை. மூழ்கிச் சாகப் பார்க்கிறான்போல என்று பசங்கள் பேசிக்கொள்கிறார்கள்.

சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் ஓடுகிறது. 1998இல் வந்த இரண்டாம் நாவலில், ஸ்னிச் என்ற சிறு தங்கப்பந்தை எதிரணியின் மால்ஃபாய்க்கு முன்னால் பிடித்துவிடு, இல்லாவிட்டால் அந்த முயற்சியில் செத்துப்போ என்ற பொருளில் ஹாரியிடம் சொல்லி அனுப்புகிறான். யாரோ சூனியம் வைத்த பந்து ஹாரியை மட்டும் துரத்தி அடிக்கிறது. ஹாரி பின்வாங்காமல் ஸ்னிச்சைப் பிடிக்கிறான்; கை முறிகிறது. நீ சொன்ன சொல்தான் இதற்குக் காரணம் என்று இரட்டையரில் ஒருவன் கேப்டன்மேல் பாய்கிறான். அடுத்த ஆண்டு ஹாரிக்கு அநாமதேயமாக ஓர் உயர்ரகத் துடைப்பம் வருகிறது. கொலைச் சூனியம் இருக்கலாம் என்று ஆசிரியை மெக்கானகல் அதைப் பறிமுதல் செய்கிறார். வுட் அவரிடமே போய் வாதாடுகிறான்: அது ஹாரியைத் தூக்கி எறிந்தாலும் பரவாயில்லை, அதற்குமுன் அவன் ஸ்னிச்சைப் பிடித்துவிட்டால் போதும். ஆசிரியை கத்திய கத்தலில் காது அடைத்துத் திரும்புகிறான். நாமும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

போக முடிவதற்குக் காரணம் மெக்கானகல். அவருக்கும் கோப்பை வேண்டும். கோப்பை பறிபோனால் மற்ற இல்லத் தலைவரின் முகத்தில் விழிக்கவே முடியாது அவரால். இருந்தும் பிள்ளையின் உயிர் என்றால் துடைப்பத்தைப் பறித்து வைத்துக்கொள்ளத் தெரிகிறது. எலும்பே போன கையிலும் ஒரே இரவில் எலும்பு வளர்க்கும் மருத்துவமனை இருக்கிறது. ஐம்பதடி உயரத்திலிருந்து விழும் பையனைத் தாங்கிப் பிடிக்கத் தலைமையாசிரியர் இருக்கிறார். இவர்களை எல்லாம் எடுத்துவிட்டு வுட்டை மட்டும் வைத்துப் பாருங்கள்; கோட்டையிலிருந்து இறங்கும் தேசிங்கு தெரிவான். செஞ்சிக் கதையில் மெக்கானகலின் வேலையைச் செய்யப் பார்த்தவர் ரங்கநாதர் ஒருவர்தான். அவரும் வாய் திறக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வுட் கேப்டனாக இருந்தாலும் ஆடும் இடம் கீப்பர். வளையத்துக்கு முன்னால் நின்று முழு மைதானத்தையும் பார்த்தாக வேண்டும். ஸ்னிச்சைப் பிடிக்கும் புகழ் அவனுக்கு எந்நாளும் கிடைக்காது. தேசிங்கு எப்போதும் முன்னால் பாய்கிறவன். பின்னால் நின்று பார்க்கிறவன் அந்தப் படையில் யாரும் இல்லை.

க்விடிச்சுக்கு நேர எல்லை கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்னிச் பிடிபடும்வரை ஆட்டம் ஓடும். மூன்று மாதம் ஓடிய ஆட்டம் உண்டு, ஆட்டக்காரர்கள் முறைவைத்துத் தூங்கினார்கள் என்று முதல் நாவலில் வுட்டே ஹாரியிடம் சொல்கிறான். விசில் இல்லாத ஆட்டம் கிட்டத்தட்ட முற்றுகைதான்.

ஆட்டம் போராகலாம் என்பது ரௌலிங்குக்குத் தெரிந்தே இருக்கிறது. 2007இல் வந்த கடைசி நாவலில் ஹாக்வார்ட்ஸே போர்க்களமாகிறது. பள்ளி முடித்துத் தொழில்முறை க்விடிச் ஆடப் போன வுட் திரும்பி வருகிறான். அங்கே அவன் கோப்பை எதையும் தூக்கவில்லை. செத்துக் கிடக்கும் சின்னப் பையன் காலின் க்ரீவியின் உடலை, ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலோடு சேர்ந்து சுமந்து வருகிறான், பிறகு தன் தோளிலேயே போட்டுக்கொள்கிறான். ஏழு புத்தகங்களில் அவனுக்கு எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்த காட்சி அது என்பேன். ஜெயி அல்லது செத்துப்போ என்று ஒருகாலத்தில் விளையாட்டாகச் சொன்னவனுக்கு, அந்தச் சொல்லின் எடை தோளில் ஏறுகிறது.

பள்ளி கேப்டன் என்ற இந்த ஆளே எங்கிருந்து வந்தான்? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளிலிருந்து. தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டாம் பிரவுன்’ நாவல் ரக்பி பள்ளியின் கதை. கடைசிக் கட்டத்தில் டாம் கிரிக்கெட் அணியின் கேப்டன். ஆட்டத்தைத் தலைமையேற்று நடத்துவதைப் பற்றி ஓர் ஆசிரியர் ராஜாங்கத்தை ஆள்வதோடு சேர்த்துப் பேசுகிறார். அந்தப் பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டுக்கு விளையாட்டில் அவ்வளவு நாட்டம் இருந்ததில்லை என்பது வேடிக்கை. அவர் காலத்துக்குப் பின்னால்தான் மைதானம் வகுப்பறையை விழுங்கியது. 1890களில் ஹென்றி நியூபோல்ட் எழுதிய ‘விட்டாய் லம்படா’ என்ற கவிதை, பள்ளிக் கிரிக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் தொடங்கி, சிதறிய படை நிற்கும் பாலைவனப் போர்க்களத்துக்குத் தாவுகிறது. மைதானத்தில் கேப்டன் சொன்ன அதே சொல்லைப் போர்க்களத்திலும் ஒரு பள்ளிப் பையனின் குரல் சொல்கிறது. ஆட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, கேப்டனைப் படைக்கு அனுப்பிய கவிதை அது. முதல் உலகப் போரில் அந்தப் பள்ளிகளின் பையன்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபின், அதை முன்போல வாசிக்க யாராலும் முடியவில்லை.

இல்லங்கள், இல்லத் தலைவர்கள், கோப்பை, கேப்டன் என்ற இந்த ஏற்பாடு ஆங்கிலப் பள்ளிகளோடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. இங்கே அதைச் சாதாரணப் பிள்ளைகள் பக்கம் திருப்பியதில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கருக்குப் பெரிய பங்கு உண்டு. 1920இல் சென்னையில் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, இன்று நந்தனத்தில் கல்லூரியாக இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களை அழைத்துப் போனவரும் அவரே. பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்று ஓர் உத்தியோகமே நம் பள்ளிகளில் வேர்விட்டது அந்தக் காலத்தில்தான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் பி.டி. வாத்தியார், இப்போது பி.இ.டி. சார். கழுத்தில் விசில் தொங்கும் ஒரே ஆசிரியர். கேப்டன் என்ற பட்டத்தைக் கொடுப்பவரும் அவர், வெயில் ஏறினால் போதும் நிறுத்து என்று சொல்பவரும் அவர்.

செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கும் களஞ்சியத்துக்கும் பக்கத்தில், தொல்லியல் துறை உடற்பயிற்சிக்கூடம் என்று குறித்திருக்கும் ஒரு கட்டடம் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதைத் தாண்டி ராஜகிரிப் படியை நோக்கி ஓடிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் யார் முதலில் உச்சி தொடுவது என்று பந்தயம். கீழே நிற்கும் ஆசிரியர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலத்தோற்றங்கள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. அறிவிப்பில் பெருமை பெறுபவர்கள் சிவாஜியும் ராஜாராமும். சில மாதங்களே ஆண்டு தோற்ற தேசிங்குக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஊரில் போய்க் கேட்டால் கோட்டை யாருடையது என்பதற்கு இன்னமும் ஒரே பதில்: தேசிங்குராஜன் கோட்டை.

இந்த வட்டாரத்துக்கு இளம் வீரன் சாகும் கதை புதிதல்ல. செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலைத் தன் ஆய்வின் மையத்தில் வைத்து, ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். திரௌபதி வழிபாட்டின் தொன்மங்கள் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம்வரை எப்படி விரிகின்றன என்பது அதன் பொருள். இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பாரதம் கூத்தாக நடக்கும்; அபிமன்யு சண்டைக்குக் கூட்டம் அள்ளும். வியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பதினாறு வயதுப் பிள்ளைக்காக அழுது பழகிய கூட்டம், 22 வயதுத் தேசிங்கையும் அதே கண்ணீரில் சேர்த்துக்கொண்டது. இந்தப் பழக்கம் சினிமாவுக்கும் வந்துவிட்டது. 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் கதைநாயகன் கடைசி ஆட்டக் களத்திலேயே உயிரை விடுகிறான். பள்ளித் திடலில் ஆடும் ஆட்டத்தைக்கூடச் சாவில் கொண்டுபோய் முடித்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது.

விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்று பெயர் வாங்கித் தரும் விளையாட்டு மல்லர் கம்பம். எண்ணெய் பூசிய மரத்தூணில் தலைகீழாகத் தொங்கும் வித்தை. மராத்தியப் படையினரின் பயிற்சியாக வளர்ந்த கலை, மராத்தியர் காத்த கோட்டை இருக்கும் மாவட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அதுவும் ஒன்று. ஆனால் மல்லர் கம்பத்தில் தூணும் நீயும்தான். கேப்டன் என்ற ஆளைப் பார்க்க வேண்டுமானால் கபடிக் களத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆண்டுதோறும் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் பள்ளி அணிகள் மோதும். பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு என்று அவற்றுக்குப் பெயர். மண்ணில் ஆடிப் பழகிய கிராமத்து அணிகளுக்கு, மேலே போகப்போக ‘மேட்’ என்ற விரிப்பில் ஆட வேண்டியிருக்கும். காலுக்குத் தகுந்த ஷூ வேண்டும், பேருந்துச் செலவு வேண்டும். பாட்டு அழித்துவிட்ட கணக்குப் புத்தகம் இங்கே தினமும் திறந்திருக்கிறது. அரசுப் பள்ளி அணியின் கேப்டனுக்குப் பாதி வேலை இதுதான்: வீட்டில் விடமாட்டேன் என்கிற பையனின் அம்மாவிடம் போய்ப் பேசுவது, இரண்டு ஷூவை மூன்று பேருக்குப் பங்குவைப்பது, பரீட்சை நாளில் ஆட்டம் வந்தால் வகுப்பாசிரியரிடம் கெஞ்சுவது. களத்தில் காட்டும் வீரம் மீதிப் பாதி.

க்விடிச்சைப்போலவே கபடியிலும் களத்தில் ஏழு பேர். ஒற்றுமை அதோடு முடிந்தது. கபடியில் கோடு உண்டு, மணி உண்டு, பாடிப் போகிறவனுக்கு மூச்சளவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவன் திரும்பி வருவான். பழைய நாளில் இந்த ஆட்டத்தில் பல வகை இருந்தது. காமினி என்ற வகையில் அவுட்டானவன் அவுட்டுதான், கடைசி ஆள் வீழும்வரை ஆடுவார்கள். சஞ்சீவனி வகையில் எதிரணியில் ஒருவன் வீழ்ந்தால் நம் அணியில் ஒருவன் உயிர்பெறுவான். 20ஆம் நூற்றாண்டில் விதிகளை ஒழுங்குபடுத்தியவர்கள் எடுத்துக்கொண்டது சஞ்சீவனி முறையை. தேசிங்கு ஆடியது காமினி.

உயிர்பெறுவதற்கும் வரிசை உண்டு. யார் முதலில் அவுட்டானானோ அவன்தான் முதலில் உள்ளே வருவான். கேப்டன் என்பதற்காக முந்திக்கொள்ள முடியாது. கோட்டுக்கு வெளியே போட்ட பெட்டியில் மற்றவர்களோடு உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பாடி வருகிறவனை மடக்கிவிட்டால், இன்றைய விதிப்படி கூடுதலாக ஒரு புள்ளி. சிலர் நின்று பலரைத் தாங்குவதற்கு ஆட்டமே வைத்திருக்கும் பரிசு. தேசிங்கின் ரத்தம் கொஞ்சம் கபடிக்குள்ளும் ஓடுகிறது.

அதே விதிப்புத்தகத்தில் கேப்டனுக்கு மட்டும் இன்னொரு உரிமையும் கொடுத்திருக்கிறார்கள். களத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் மிஞ்சியிருக்கும்போது, அவர்களையும் அவுட் என்று கேப்டனே அறிவித்துவிடலாம். அப்படிச் செய்தால் நின்றவர்களின் தலைக்கு ஒரு புள்ளியும், முழு அணியும் வீழ்ந்ததற்கான லோனாவுக்கு இரண்டு புள்ளியும் எதிரணிக்குப் போகும். பதிலுக்குத் தன் ஏழு பேரும் மறுபடி உள்ளே வருவார்கள். பார்க்க வந்த கூட்டத்துக்கு இது பிடிக்காது. நின்று ஆடுடா என்று சத்தம் போடும். ஊர்க்காரர் ஒருவராவது பயந்தாங்கொள்ளி என்பார். இரண்டு பேரை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் இழுத்து அடிபடுவதா, நாலு புள்ளியை விட்டுக்கொடுத்து ஏழு பேரோடு ஆடுவதா? பதினைந்து வயதுக் கேப்டன் இதை நின்ற இடத்தில், அடுத்த பாட்டு வருவதற்குள் தீர்மானிக்க வேண்டும். புள்ளிப்பலகையில் எவ்வளவு வித்தியாசம், பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களில் நன்றாகப் பாடுகிறவன் யார், மணியடிக்க இன்னும் எத்தனை நிமிடம் என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கெட்டிக்காரப் பிள்ளை நடுவரை நோக்கிக் கையைத் தூக்கும்.